நன்றிச் சங்கீதங்களும் சபையின் குரலும்

விவிலியத்தின் சங்கீத நூலிலுள்ள 150 பாடல்களுள் நன்றியறிதற் பாடல்கள் என்று தனியே பிரித்துக் காட்டத்தக்கவை மிகுதியல்ல. ஆயினும் சபை வழிபாட்டுக்கு இசையமைக்க முனைந்தவர்களை மிகவும் சோதித்தவை அவையே. புலம்பல் பாடலுக்கு ஒரு மனநிலை போதும். படைப்பை வியந்து இறைவனைப் போற்றும் துதிப் பாடலுக்கும் ஒரு மனநிலை போதும். நன்றிப் பாடலோ இடுக்கணில் தொடங்கி, மீட்சியைக் கடந்து, கூடியிருப்போரை உடன்பாட அழைப்பதில் முடிகிறது. அந்த வழி முழுவதையும் இசை எவ்வாறு சுமக்கும் என்பதும், அதில் சபையின் பங்கு எது என்பதுமே இச்சொற்பொழிவின் பொருள். (கத்தோலிக்கர் ‘திருப்பாடல்’ என வழங்குவதும் சீர்திருத்தச் சபையார் ‘சங்கீதம்’ என வழங்குவதும் ஒன்றே, இங்கே சங்கீதம் என்னும் சொல் அந்த விவிலியப் பாடலை மட்டுமே குறிக்கும்.)

சங்கீதங்களை இயற்றியவர் யார், இயற்றிய ஆண்டு எது என்னும் ஆராய்ச்சியிலேயே நெடுங்காலம் உழன்ற புலமை உலகத்தை, அவை எந்தச் சூழலில் எதன் பொருட்டுப் பாடப்பட்டன என்னும் கேள்வியின்பால் திருப்பியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கெல் (1862–1932). இறைவன் இத்தன்மையன் என்று போற்றுவது துதிப் பாடல் என்றும், இறைவன் இன்னது செய்தான் என்று ஒரு குறிப்பிட்ட செயலை எடுத்துச் சொல்வது நன்றிப் பாடல் என்றும் அவருடைய வகைப்பாடு பிரித்தது. 30, 32, 34, 116, 118, 138 ஆகியவை தனியொருவரின் நன்றியையும், 124 போன்றவை மக்கள் கூட்டத்தின் நன்றியையும் கூறுவனவாகக் கொள்ளப்படும். 107ஆம் சங்கீதம் இரண்டுக்கும் இடையில் நிற்பது. 136ஆம் சங்கீதத்தைத் துதிப் பாடல் வரிசையில் வைப்பாரும் உளர் எனினும், நன்றி கூறுமாறு விடுக்கும் அழைப்பே அதன் தொடக்கமும் முடிவுமாதலின் இங்கே அதற்கும் இடமுண்டு.

தனியொருவரின் நன்றிப் பாடல் தனிமையில் பாடப்பட்டதன்று என்பதற்கு லேவியராகமத்தின் ஏழாம் அதிகாரம் சான்று தருகிறது. நன்றிப் பலியாக ஆட்டையோ மாட்டையோ செலுத்தியவர் அதன் இறைச்சியை அப்பங்களோடு அன்றைக்கே உண்டு தீர்க்க வேண்டும், மறுநாட் காலைவரை எதையும் மீதம் வைக்கலாகாது என்பது அங்குள்ள விதி. ஒருவரும் அவர் வீட்டாரும் மட்டும் ஒரே நாளில் உண்டு முடிக்க இயலாத அளவாதலால், உறவினரையும் அயலாரையும் அழைத்தே தீர வேண்டும் என்று உரைகாரர் சிலர் பொருள் கொள்வர். அந்தப் பந்தியில், நோயிலிருந்தோ பகையிலிருந்தோ பிழைத்தவர் எழுந்து தம் கதையைச் சொல்ல, வந்திருந்தோர் மறுமொழி கூறினர் எனக் கொண்டால், 116ஆம் சங்கீதத்தில் மீட்பின் கிண்ணமும், மக்கள் அனைவர் முன்னிலையிலும் பொருத்தனை செலுத்துவதும் ஒருங்கே வருவதன் காரணம் விளங்கும். ஆகவே நன்றிச் சங்கீதத்தின் அமைப்பிலேயே இரண்டு குரல்கள் உள்ளன: பிழைத்து வந்தவரின் குரல் ஒன்று, அதைக் கேட்டு ஆமோதிப்போரின் குரல் மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிடும் இசையமைப்பு எத்துணை இனிமையாயினும் பாடலின் ஒரு பாதியை இழந்துவிடுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

இம்மறுமொழி முறை கிறிஸ்தவத்துக்கு முற்பட்டது. பஸ்கா முதலிய பெருவிழாக்களில் யூதர் பாடும் ‘அல்லேல்’ என்னும் தொகுதி 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைக் கொண்டது. அதை ஓதும் முறை பற்றி யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா பேசுகையில், வயதுவந்த ஆடவர் ஒருவர் முன்னின்று ஓதினால் கேட்போர் ‘அல்லேலூயா’ என மறுமொழி கூறுவர் என்றும், ஓதுபவர் சிறுவராயின் கேட்பவர் அவர் சொல்வதை அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும் என்றும் வேறுபடுத்துகிறது. யார் முன்னோதுகிறார் என்பதைப் பொறுத்துச் சபையின் பங்கு மாறும் என்ற இந்த நுட்பம் பிற்காலத் திருச்சபை இசையில் பெரிதும் மறக்கப்பட்டது.

மறுமொழி முறையின் வலிமைக்கு நான்காம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியாவைக் காட்டிலும் தெளிந்த சான்று இல்லை. 356ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பேராயர் அத்தனாசியுஸ் இரவு வழிபாடு நடத்திக்கொண்டிருந்த தேயோனாஸ் ஆலயத்தைப் பேரரசின் படைவீரர் சூழ்ந்துகொண்டனர். தம் இருக்கையை விட்டு எழாத அத்தனாசியுஸ் திருத்தொண்டர் ஒருவரைச் சங்கீதம் ஓதுமாறு பணித்தார். இறைவனின் இரக்கத்துக்கு முடிவில்லை என்னும் பொருள்படும் அடியை ஒவ்வொரு வசனத்துக்கும் மறுமொழியாகக் கூறுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அதன்பின் யாவரும் வீடு திரும்பலாம் என்றார். தம் தப்புதலுக்கு விளக்கமாக அவரே எழுதிய நூலில் இச்செய்தி உள்ளது. ஓதப்பட்டது 136ஆம் சங்கீதம் என்பது மறுமொழியிலிருந்தே புலப்படும். அதன் 26 வசனங்களிலும் அந்த அடி திரும்பத் திரும்ப வருகிறது. புத்தகமின்றி, விளக்கொளி போதாத நிலையில், அச்சத்தின் நடுவே ஒரு பெருங்கூட்டம் ஒருமுகமாகப் பாடுவதற்கு அதனினும் எளிய வடிவம் கிடைக்காது. இதே அத்தனாசியுஸ், சங்கீதம் ஓதுபவர் பாடுகிறார் என்பதைவிடப் பேசுகிறார் என்று தோன்றும் அளவுக்குக் குரலை அடக்கியே ஓதப் பணித்தார் என்று தாம் கேள்விப்பட்டதாக அகுஸ்தீன் தம் வாழ்க்கை நூலில் குறிப்பிடுகிறார். இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இசையமைப்பின் இலக்கணம் தெரிகிறது: கதை பேச்சை ஒட்டியது, மறுமொழி மட்டுமே கூட்டத்தின் சொத்து. எகிப்தின் காப்துத் திருச்சபை தன் நள்ளிரவுத் துதியில் இதே சங்கீதத்தை இன்றளவும் தனிப் பகுதியாகப் பாடி வருகிறது.

மேலைத் திருச்சபையில் வழி வேறாயிற்று. துறவு மடங்களில் வளர்ந்த சங்கீத ஓதுமுறைக்கு எட்டு மெட்டுகள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தொடக்க எழுச்சியும், வசனத்தின் பெரும்பகுதியை ஒரே சுரத்தில் நிறுத்தி ஓதும் ஓதுசுரமும், நடுவில் ஒரு தங்கலும், இறுதியில் ஓர் இறக்கமும் உண்டு. வசனம் நீண்டால் ஓதுசுரத்தில் அசைகள் கூடும், குறுகினால் குறையும். ஆகவே உரைநடையாகவுள்ள மொழிபெயர்ப்பைச் செய்யுளாக்காமலே பாட இயலும். வசனங்களைத் துறவியரின் இரு அணியினர் மாறி மாறிப் பாடினர். ஆயினும் ஓர் அணி கதையையும் மற்றோர் அணி மறுமொழியையும் சொல்லவில்லை. கதையையே இருவரும் பங்கிட்டுக்கொண்டனர். திருப்பலியிலோ மறுமொழிப் பாடல் ஓரிரு வசனங்களாகச் சுருங்கி, ஒரே அசைக்குப் பல சுரங்களை அடுக்கும் அலங்கார இசையாக மாறிப் பயிற்சி பெற்ற பாடகரின் உடைமையாயிற்று. 118ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்து ஈஸ்டர் நாளுக்கென அமைந்த ‘ஹேக் தியேஸ்’ என்னும் பாடல் இவ்வகையின் உச்சம்; அதன் அழகை மறுப்பாரில்லை, அதில் மக்களுக்கு வாய்திறக்க வேலையும் இல்லை.

பதினாறாம் நூற்றாண்டின் ஜெனீவா இந்நிலையைத் தலைகீழாக்கிற்று. வழிபாட்டில் சங்கீதங்களையே, அதுவும் மக்கள் மொழியிலேயே, சபை முழுவதும் பாட வேண்டும் என்னும் கொள்கையுடைய ஜான் கால்வின், 1539இல் ஸ்திராஸ்பூர்கில் தங்கியிருந்தபோது முதல் சிறு தொகுதியை வெளியிட்டார். பிரெஞ்சு அரசவைக் கவிஞர் கிளெமான் மாரோ தொடங்கிய செய்யுளாக்கத்தை, அவர் 1544இல் மறைந்தபின் தியோடோர் பெஸா தொடர்ந்து, 1562இல் 150 சங்கீதங்களும் அடங்கிய நூலாக நிறைவு செய்தார். உரைநடைச் சங்கீதத்தைச் சீரும் எதுகையும் உடைய பத்திகளாக மாற்றி, ஒரு பத்திக்குரிய மெட்டையே எல்லாப் பத்திகளுக்கும் பாடுவது இம்முறை. மெட்டமைத்தோருள் தலையாயவர் லூயி பூர்ஷ்வா. பழகிய மெட்டுகளை நகராட்சியின் இசைவின்றி மாற்றினார் என்ற குற்றத்துக்காக 1551 டிசம்பரில் அவர் சிறையிலடைக்கப்பட்டார். கால்வின் தலையிட்டதால் விரைவில் விடுதலையானார். அடுத்த ஆண்டே அந்நகரை விட்டு நீங்கினார். மெட்டு சபைக்குரியது, இசைப்புலவருக்குரியதன்று என்பதை ஒரு நகரம் சிறைக்கதவால் எடுத்துரைத்த விந்தை இது. சபையில் ஒரு புதுப்பாட்டைப் புகுத்தப் பட்ட பாட்டை அறிந்த எந்தப் பாடகர் குழுத் தலைவரும் பூர்ஷ்வாவின்பால் இரக்கம் கொள்ளாதிரார்.

ஜெனீவா மெட்டுகளின் ஆற்றல் அவற்றின் சிக்கனத்தில் உள்ளது. நெடிய சுரம், குறிய சுரம் என்னும் இரண்டே கால அளவுகள். பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம். ஒவ்வோர் அடியும் நெடிய சுரத்தில் தொடங்கி நெடிய சுரத்தில் முடியும் பாங்கு. ஆலயத்தில் இசைக்கருவியின் துணையின்றி அனைவரும் ஒரே சுரவரிசையில் பாடினர். குளோது கூதிமெல் இம்மெட்டுகளுக்கு நான்கு குரல் இசைவு அமைத்தபோதுகூட அவை ஆலயத்துக்காக அல்ல, வீடுகளில் பாடி மகிழ்வதற்காக என்று முன்னுரையில் தெளிவுபடுத்தினார். அவர் 1572இல் லியோன் நகரில் சீர்திருத்தச் சபையார் படுகொலை செய்யப்பட்டபோது மாண்டார்.

ஆயினும் அந்நூலை நன்றிச் சங்கீதங்களின் கண்கொண்டு நோக்கினால் ஒரு குறை தென்படுகிறது. 150 சங்கீதங்களுக்கும் தனித்தனி மெட்டு அமையவில்லை. பல மெட்டுகள் பொதுவாயின. 66, 98, 118 ஆகிய மூன்றுக்கும் ஒரே மெட்டு அமைந்தது பொருத்தமே. மூன்றும் மீட்பின் களிப்பைப் பாடுவன. ஆனால் பிழைத்தவரின் நன்றியாகிய 116க்கும், பாழாக்கப்பட்ட ஆலயத்தை எண்ணி அழும் 74க்கும் ஒரே மெட்டு. நன்றிக்கெனத் தலைப்பிலேயே குறிக்கப்பட்ட 100ஆம் சங்கீதம், குகையிலிருந்து எழும் மன்றாட்டாகிய 142இன் மெட்டையே பகிர்ந்துகொள்கிறது. அடிகளின் அசைக்கணக்கு ஒத்தால் மெட்டும் ஒக்கும் என்னும் நடைமுறையே இங்கு ஆட்சி செய்தது. இன்று உலகெங்கும் ‘பழைய நூறாம் சங்கீத மெட்டு’ என்று அறியப்படும் இசை ஜெனீவாவில் 100க்கு உரியதாக இருக்கவில்லை. அது 1551இல் 134ஆம் சங்கீதத்துக்கு அமைந்தது. மேரி அரசியின் காலத்தில் ஜெனீவாவில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலேயர், வில்லியம் கெத்து எழுதிய நூறாம் சங்கீதச் செய்யுளோடு அதை இணைத்தபின்னரே அப்பெயர் நிலைத்தது. ஒரு மெட்டின் பொருத்தம் பிறக்கும்போதே அமைவதில்லை, தலைமுறைகள் பாடிப்பாடி அமைவதும் உண்டு என்பதை இவ்வரலாற்றிலிருந்து ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் 116ஐ 74இன் மெட்டில் பாடுகையில் மீட்சி நேர்ந்த இடம் எது என்பதை இசை சொல்லாது.

செய்யுள் முறையால் விளைந்த இன்னொரு மாற்றம், இரு குரல்களும் ஒன்றானமை. பிழைத்தவரின் கதையையும் கேட்போரின் மறுமொழியையும் முதலடி முதல் ஈற்றடிவரை அனைவருமே பாடினர். இது எங்கும் குறையாகாது என்பதற்கு எடின்பரோ நகரம் சான்று. அந்நகரை விட்டு வெளியேற்றப்பட்டிருந்த போதகர் ஜான் தூரி 1582 செப்டம்பரில் திரும்பியபோது, அவரை எதிர்கொள்ளச் சென்ற சிலநூறு பேர் நகரத்தெருவில் நடக்க நடக்கப் பெருகி ஏறத்தாழ 2000 பேராகி, 124ஆம் சங்கீதத்தை நான்கு குரல் இசைவில் மனப்பாடமாகப் பாடிச் சென்றனர் என்று ஸ்காத்லாந்துத் திருச்சபை வரலாற்றாசிரியர் கால்டர்வுட் எழுதுகிறார். 124இல் பேசுவது ‘நாம்’. கதை சொல்பவரும் கேட்பவரும் அங்கே ஒருவரே. கூட்டத்தின் நன்றிக்குச் செய்யுள் முறை முற்றிலும் தகும். தனியொருவரின் நன்றியைக் கூட்டத்தின் வாயில் முழுமையாக வைக்கும்போதுதான் அது நெருடுகிறது. நேற்று மகனைப் புதைத்தவரும் இன்று நோய் நீங்கி எழுந்தவரும் அருகருகே நிற்கும் சபையில், பிழைத்த கதையை இருவர் வாயிலும் ஒருசேரத் திணிப்பதைக் காட்டிலும், ஒருவர் சொல்ல மற்றவர் ஆமென்று கூறுவது உண்மைக்கு நெருக்கமானது.

ஆங்கிலத் திருச்சபையின் ஓதுமுறை உரைநடை வசனத்தைப் பத்துச் சுரங்கொண்ட ஒரு சிறு இசைவுத் தொடரில் ஓதச் செய்தது. பேராலயங்களின் பாடகர் குழுவுக்கு அது அணிகலன். பயிற்சியில்லாச் சபைக்கு, எந்த அசையில் சுரம் மாறுகிறது என்று அறியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் தடுமாற்றம்.

இரு குரல்களையும் மீட்டெடுத்த நவீன முயற்சி பிரெஞ்சு இயேசு சபைத் துறவியான ஜோசப் ஜெலினோவினுடையது (1920–2008). எபிரேயச் செய்யுள் அசைகளின் எண்ணிக்கையால் அன்றி அழுத்தங்களின் எண்ணிக்கையால் நடப்பது. ஒரு அழுத்தத்துக்கும் அடுத்த அழுத்தத்துக்கும் இடையே அசைகள் கூடலாம், குறையலாம். ஜெலினோ 1950களில் வெளியிட்ட தொகுப்புகளில், அழுத்தங்கள் சீரான துடிப்பில் விழுமாறும் இடையிலுள்ள அசைகள் அத்துடிப்புக்குள் அடங்குமாறும் அமைத்து, தனிப்பாடகர் வசனங்களைப் பாட, மக்கள் குறுகிய மறுமொழி ஒன்றைப் பாடச் செய்தார். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு மக்களின் செயல்முறைப் பங்கேற்பை வலியுறுத்திய பின்னர், ஒவ்வொரு திருப்பலியிலும் முதல் வாசகத்தை அடுத்து மறுமொழியோடு கூடிய திருப்பாடல் இடம்பெற்றது. தமிழ்த் திருவழிபாட்டில் ‘பதிலுரைப் பாடல்’ எனப்படுவது இதுவே.

வடிவம் மீண்டது, உள்ளடக்கம் முழுதும் மீளவில்லை. ஈஸ்டர் ஞாயிறன்று பாடப்படும் 118ஆம் திருப்பாடலுக்கு வாசக நூல் தெரிந்தெடுத்தவை 1, 2, 16, 17, 22, 23 ஆகிய வசனங்கள். நெருக்கத்தில் கூப்பிட்டதும், தேனீக்களைப்போலப் பகைவர் சூழ்ந்ததும், விழும்படி தள்ளப்பட்டதும் வரும் 5 முதல் 13 வரையுள்ள பகுதி அங்கே இல்லை. இடுக்கண் நீங்கிய நன்றி வெறும் களிப்பாகக் குறைகிறது; இசையமைப்பவரும் எக்காளமும் முரசும் ஒலிக்கும் ஒரே நிறத்தைத் தீட்டிவிட்டு அமைகிறார். நேரக் குறைவு காட்டி இதை நியாயப்படுத்துவர். நீளமான அறிவிப்புகளுக்கு நேரமுள்ள சபையில் ஒன்பது வசனங்களுக்கு நேரமில்லை என்பது ஏற்கத்தக்க வாதமன்று.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ் இசைமரபில் ஆயத்தமான விடையொன்று உண்டு. ஆயினும் தமிழ்ச் சபைகள் அதை நன்றிச் சங்கீதங்களுக்குப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மறைப்பணியாளர் ஜெர்மன் மெட்டுகளில் தமிழ்ச் சொற்களைப் பொருத்தும் ஞானப்பாட்டு மரபைத் தொடங்கினர். தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே வேறாக்குவன. மெட்டின் நெடிய சுரத்தில் குறில் அமர்ந்தால் சொல் சிதையும். மோனையும் எதுகையும் அடியின் தொடக்கத்தில் நிற்பதால் தமிழ்ச் செவி அங்கே எடையை எதிர்பார்க்கிறது. மேலைப் பாடல்களிற் பலவோ எடையற்ற எடுப்புச் சுரத்தில் தொடங்குவன. இவ்வகையில், அடிதோறும் நெடிய சுரத்தில் தொடங்கும் ஜெனீவா மெட்டுகள், அவற்றின் சுரங்கள் பிற்காலத்தில் சம அளவாக்கப்படுவதற்கு முந்திய மூல வடிவில், தமிழுக்கு ஏனையவற்றினும் இணக்கமானவை எனலாம்.

ஞானப்பாட்டுக்கு எதிர்ப்புறத்தில் கீர்த்தனை நின்றது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் (1774–1864), ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் இசைநூலை 1917இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் (1859–1919) தமிழ் இராக தாளங்களில் கிறிஸ்தவப் பாடல் இயற்றியோருள் முதன்மையானவர்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில், ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவிக்கே திரும்புதல் கட்டாயம். முன்பாடுபவர் சரணத்தைப் பாட, கூட்டம் பல்லவியை ஏற்கும் நடைமுறை பஜனையிலும் கதாகாலட்சேபத்திலும் பழகியது. தேயோனாஸ் ஆலயத்தில் மக்கள் செய்தது இதற்கு மிக நெருங்கியது. 136ஆம் சங்கீதத்தை இவ்வாறு அமைக்கையில் பல்லவி ஒரு தாளவட்டத்துக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் 26 முறை திரும்பும்போது சலிப்புத் தட்டும். பல்லவிக்குச் சங்கதிகள் சேர்ப்பதும் இங்கே தவறு. சங்கதி வித்துவானுக்குரியது, சபை அதைத் தொடர முயன்று தாளத்தை இழக்கும்.

கீர்த்தனைக்கு முன்னோ இடையிலோ தாளமின்றி, சொற்பொருளுக்கேற்ப இராகத்தை விரித்துச் செய்யுளைப் பாடும் விருத்தம் என்னும் முறை இன்னும் பொருத்தமானது. ஓதுசுரம் செய்யும் வேலையை, அதாவது ஏற்றத்தாழ்வுள்ள அடிகளை நெகிழ்ச்சியோடு தாங்குவதை, விருத்தம் செய்கிறது. அதற்குமேல் துயரத்தைத் துயரமாகவே நிறுத்திக் காட்டும் ஓய்வும் அதில் கிடைக்கிறது. 107ஆம் சங்கீதம் இதற்கென்றே பிறந்தது போன்ற அமைப்புடையது. பாலைவனத்தில் வழிதப்பியோர், இருளில் கட்டுண்ட சிறையாளர், நோயால் நலிந்தோர், கடற்புயலில் அகப்பட்டோர் என நான்கு கூட்டத்தார் அதில் வருகின்றனர். ஒவ்வொரு பகுதியிலும் கூப்பிடுதலைக் கூறும் அடியும் நன்றிக்கு அழைக்கும் அடியும் மாறாமல் திரும்புகின்றன. 8, 15, 21, 31 ஆகிய வசனங்கள் அந்த நன்றியடியைக் கொண்டவை. நான்கு பகுதிகளின் இடுக்கணையும் நான்கு பாடகர், பாடகர் குழுவிலிருந்து அன்றிச் சபையின் நடுவிலிருந்தே, விருத்தமாகப் பாடி, கூப்பிடும் அடியில் தாளம் தொடங்கி, நன்றியடியைச் சபை முழுவதும் பல்லவியாக ஏற்றால் இரு குரல்களும் தத்தம் இடத்தில் நிற்கும். நான்கு விருத்தங்களும் ஒரே இராகத்திலா, இராகமாலிகையாகவா என்பதில் கருத்து வேறுபடலாம். சபை பல்லவியின் சுரத்தைத் தேடாமல் எடுக்க வேண்டுமாயின் ஒரே இராகமே பாதுகாப்பானது. கடற்புயல் பகுதிக்கு மட்டும் விலக்கு அளித்தால், பாடகர் 29ஆம் வசனத்தில் அலை அமரும் இடத்திலேயே மூல இராகத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

எஞ்சுவது 33 முதல் 43 வரையுள்ள இறுதிப் பகுதி. ஆறுகள் வறண்ட நிலமாவதையும் வறண்ட நிலம் நீரூற்றாவதையும், பெருமக்கள் தாழ்வதையும் எளியோர் உயர்வதையும் பேசும் இப்பகுதியில் பல்லவியடி இல்லை. பிழைத்தவரும் இல்லை, அறிவுரை கூறும் ஞானியின் குரலே கேட்கிறது. இசையமைப்போர் பலர் இதை விட்டுவிடுகின்றனர், அல்லது இல்லாத இடத்தில் பல்லவியைச் செருகி நீட்டுகின்றனர். இரண்டும் வேண்டியதில்லை. சுருதிப்பெட்டியின் ஒலி தொடர, வாசகர் ஒருவர் இதைப் பாடாமல் வாசித்து முடிக்கலாம். பல்லவிக்கு மீண்டும் வராமலே பாடல் அங்கு நிற்கலாம்.